அண்ணன் ஆர்டர் போட்ட புரதம்

1

போன குளிர்காலத்தில் ஒரு நாள், காபி இடைவேளையில், எங்கள் கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்து ஹெல்கா ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்தாள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட பெண்மணி. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்குவாள். "இந்தியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல். எல்லாரும் கேளுங்கள்" என்று உரக்க வாசித்தாள்.

மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் தயாரிக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பிப் புரதம் ஒரு பாட்டில் தேவைப்படுகிறது. பெண் பிள்ளை, வயது பதிமூன்று. ஒரு நாளைக்கு எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? பாலில் கலக்கலாமா? பத்தியம் உண்டா?

'பாலில்' என்ற இடத்தில் அறையே சிரிப்பில் வெடித்தது. நானும்தான் சிரித்தேன். எங்கள் புரதத்தைப் பாலில் கலப்பது என்பது எனக்கும் புது யோசனை. தாளை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தேன். அருள்தாஸ் சவரிமுத்து, தேயிலை எஸ்டேட், சின்னக்கானல், இடுக்கி.

ஹெல்கா என் வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தாள். அதிலும் சவரிமுத்து. மேசையிலிருந்து அவள் கை மெதுவாக இறங்கியது.

"உறவா?"

"அண்ணன்" என்றேன்.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தப்பு அவர்களுடையது அல்ல.

வடக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் புரதங்கள் செய்து விற்கும் சின்ன கம்பெனி. நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஒன்றுவிட்ட சொந்தக்காரனைப் பிடித்து, அதற்குள் மனித மரபணுவின் ஒரு துண்டைச் செருகி, நன்றாகத் தின்னக் கொடுத்து வளர்த்து, கடைசியில் உடைத்து, வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்தெடுப்போம். அப்படி எடுப்பதில் ஒன்று, வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி. அந்த ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து இரத்தத்தில் வரும். செல்லின் மேல் நின்று அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி. பிடித்தால்தான் உடம்பு வளரும். நாங்கள் செய்வது அந்த ஏற்பியில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை மட்டும். சுண்டுவிரல் நகத்தளவு குப்பியின் அடியில், உப்புப் படிந்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு. வெளியே ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒட்டியிருக்கும். மருந்து ஆராய்ச்சி செய்பவர்கள் வாங்கி, எது எதோடு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இதைச் செய்கிற நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. மேல் தட்டிலிருந்து குப்பி எடுக்க எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிய நகைச்சுவைகள் எல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டன.

வந்த புதிதில் குடியிருப்பு அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஏற்பிக்கு ஜெர்மனில் 'ரெசெப்டோர்'. நான் பதற்றத்தில் சொல்லின் வாலை விழுங்கி, "ரெசெப்ட் செய்கிறேன்" என்றேன். ரெசெப்ட் என்றால் சமையல் குறிப்பு. அந்த அதிகாரி முகம் மலர்ந்து, கோழிக் குழம்பு பற்றி நாலைந்து கேள்வி கேட்டார். பதில் சொல்லிவிட்டு வந்தேன். அனுமதி கிடைத்தது. என்னை எந்தத் தகுதியில் இந்த நாட்டுக்குள் விட்டார்கள் என்று இன்றுவரை சந்தேகம்தான்.

சவரிமுத்து என் அப்பா பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் கட்டத்தை நிரப்ப அப்பாவைப் பிடித்துப் போட்டது. தேயிலை ஃபாக்டரியில் இலை அள்ளிய அவர், உயிரோடு இருந்தவரை போடிமெட்டு இறங்கி தேனி வரை போனதே அதிசயம். இப்போது ஜெர்மனியின் வரித்துறை, கரண்ட் கம்பெனி, பல் டாக்டர் எல்லாரும் 'மதிப்பிற்குரிய சவரிமுத்து' என்று அவருக்குத்தான் எழுதுகிறார்கள். பார்த்தால் ரொம்பவும் பெருமைப்பட்டிருப்பார். வரியைக் கட்டியிருக்க மாட்டார்.

3

அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எங்க கம்பெனிக்கு மெயில் போட்டியா?"

"ஆமா. பதில் வந்துட்டா? நீ என்னமோ ரிசப்டரு ரிசப்டருன்னு சொன்னேல்லா, அத போன்ல தேடினேன். ஒங்க கம்பெனியே வந்துச்சு. ஒனக்கு எதுக்குச் செரமம்னு நேரடியா எழுதிட்டேன்."

"அது மருந்து இல்லண்ணே. உள்ள போனா, ஒன் மக பெனிட்டா உடம்புல இருக்குற வளர்ச்சி ஹார்மோனையும் அது புடிச்சு வச்சுக்கிடும்."

அண்ணனுக்கு அது வேறு மாதிரி விளங்கியது.

"அப்ப வளர விடாம பண்ணுத மருந்தா செய்யுத நீ?"

"மருந்தே இல்லண்ணே!"

"மருந்தும் இல்ல, திங்கவும் கூடாது. இதுக்கா ஒன்ன மதுரைல ஹாஸ்டல்ல போட்டுப் படிக்க வச்சோம்?"

அண்ணன் அருள்தாஸ் அந்த எஸ்டேட்டில் சூப்பர்வைசர். கொழுந்து எடுக்கும் பெண்கள் முன்னால் குரல் உயர்த்தியே பழகியவர், போனிலும் அப்படித்தான். எதிர்முனையில் கத்தல் நின்றால்தான் நமக்குப் பயம் வரவேண்டும். அன்று நின்றது.

"ரெண்டு வருசமா புள்ள அப்படியே நிக்கா, ஸ்டெல்லா" என்றார். "ஆறாங்கிளாஸ் யூனிபார்மத்தான் எட்டாங்கிளாஸ்லயும் போடுதா. பாவாடைய எறக்கித் தைக்கக்கூட இல்ல. கூடப் படிக்குதுங்க எல்லாம் என் தோளுக்கு வந்துட்டு."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"காட்டாமயா? 'சாரமில்லா, சமயமாகும்போ வளரும்'னுட்டாரு."

சாரமில்லா என்றால் மலையாளத்தில் பரவாயில்லை. எங்கள் மலையில் பாதி நோய்க்கு முதல் வைத்தியம் அதுதான்.

"அப்புறம்?"

"குமுளில ஒரு கடையில உயரம் வளர்த பொடி வித்தான். பாலுல கலந்து ஆறு மாசம் குடுத்தேன்."

"வளந்தாளா?"

"வயிறு போச்சு" என்றார் அண்ணன். "அதனாலதான் இந்த மட்டம் ஒரிஜினலா வாங்கலாம்னு பாத்தேன்."

4

என் கணவர் சண்முகம் கிழக்குப் பாலக்காட்டுக்காரர். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். நான் இடுக்கி எஸ்டேட் கத்தோலிக்கப் பெண். ஒரே மாநிலத்துத் தமிழர்களாகிய நாங்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு நாடு தேவைப்பட்டது.

"நீ நேர்லயே போயிட்டு வா புள்ள" என்றார். "போன்ல சொன்னா மச்சானுக்கு ஏறாதுங்கறேன். மாயாவையுங் கூட்டிட்டுப் போ. இங்க இருந்தா போனைத்தான் நோண்டிட்டுக் கெடக்கும்."

மாயா எங்கள் மகள். பதினான்கு வயது, என்னைவிட ஒரு தலை உயரம். நாங்கள் தமிழில் கேட்போம்; அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சின்ன வயதில் தமிழ் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், நின்றுபோயிற்று. ஒரு முறை கெஞ்சிக் கேட்டபோது, "அப்பா ஊடு என்கிறார், நீ வீடு என்கிறாய். முதலில் நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றாள். அதையும் ஜெர்மனில்தான் சொன்னாள்.

அவளிடம் இருப்பது ஜெர்மன் பாஸ்போர்ட்; அதில் இந்திய விசா எடுத்தது தனிக் கதை. விண்ணப்பத்தில் அவளுடைய தாத்தா பாட்டிகளுக்குப் பாகிஸ்தானோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தது. சின்னக்கானலுக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் தொடர்பு ஏற்படுத்தவே நாங்கள் பட்ட பாடு அந்த விண்ணப்பத்துக்குத் தெரியாது. இல்லை என்று எழுதிக் கொடுத்தோம்.

ஈஸ்டர் விடுமுறையில் கிளம்பினோம். போடிமெட்டு ஏறும்போது வளைவுக்கு வளைவு மாயா வாந்தி எடுத்தாள். பூப்பாறை தாண்டித் தேயிலைக்குள் நுழைந்ததும் தலையை வெளியே நீட்டி, ஒரு பெரிய மூச்சு இழுத்து, "இங்கே சிக்னல் இல்லை" என்றாள்.

5

பெனிட்டா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதிமூன்று வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி. கொஞ்சம் உப்பின முகம். மத்தியானத்தில், நல்ல வெயிலில், சிவப்பு ஸ்வெட்டர். அதில் எனக்கு எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. சின்னக்கானலில் ஸ்வெட்டர் போடாமல் நின்றால்தான் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

"வாங்க அத்தை" என்றாள். நிதானமான, கரகரப்பான குரல்.

அந்த வீட்டில் எல்லாரும் அவளை அளந்துகொண்டே இருந்தார்கள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டேப்பை எடுப்பார். ரோசி மதினி, அண்ணன் மனைவி, கொய்யா மரக்கிளையில் தொங்கு என்று விரட்டுவாள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் வழியில் பார்த்தால், "கீரை தின்னியா? குதிச்சியா?" என்பார்கள். பெனிட்டா தொங்கினாள், குதித்தாள், கீரையும் தின்றாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

"இதுதான் அவ சோலி" என்றாள் ரோசி மதினி. "பள்ளிக்கூடம் விட்டு வந்தா படுக்கை. சோம்பேறிக் கழுத. பெறகு எப்படி வளருவா?"

ஒரு சாயங்காலம் பெனிட்டா என்னிடம் தன் பெரிய குறையைச் சொன்னாள். நான் நினைத்தது வேறு, அவள் சொன்னது வேறு.

"கோயில்ல கிறிஸ்மஸ் நாடகம் போடுவாங்கல்லா அத்தை. நாலு வருசமா நாந்தான் ஆட்டுக்குட்டி. வசனமே கெடையாது. மே-ன்னு மட்டும் சொல்லணும்."

"உனக்கு என்ன வேஷம் வேணும்? மாதாவா?"

"ஏரோது ராசா" என்றாள் யோசிக்காமல். "கொழந்தைகளக் கொல்லுங்கள்னு கத்துத வேசம்."

அந்தப் பிள்ளைக்குள் ஏதோ ஒன்று விழித்துத்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. மாயாவும் அவளும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். என்ன பாஷையில் பேசிக்கொண்டார்களோ, கையும் காலும் பாதி வேலை செய்தன. மாயா என் பக்கமே வரவில்லை. நாலாவது நாள் அவளுடைய தடித்த ஜெர்மன் காலுறைகள் இரண்டு ஜோடி பெனிட்டாவின் காலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஃபாஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

6

மதுரையில் ஹார்மோன் நோய்களுக்கான ஒரு டாக்டரம்மாவிடம் ஜெர்மனியிலிருந்தே நேரம் வாங்கியிருந்தேன். ஜீப் பிடித்து, அண்ணன், நான், பிள்ளைகள் இருவருமாகப் போனோம்.

டாக்டர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அண்ணனே பதில் சொன்னார். பெனிட்டாவின் வயதை, எடையை, பசியை, படிப்பை. டாக்டர் நாற்காலி அண்ணன் பக்கமே திரும்பியிருந்தது. நடுவில், "என் தங்கச்சி ஜெர்மனில வளர்ச்சி ஹார்மோனு ரிசப்டரு செய்யுதா. அத ஊசியாப் போடலாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"போட முடியாது" என்றார் டாக்டர், என்னைப் பார்த்துச் சிரித்தபடி. "வளர்த்தி தவிர வேற எதாவது தொந்தரவு இருக்கா?"

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். வளர்த்திதான்."

"டாக்டர்" என்று ஒரு குரல். மாயா. தமிழில். "பெனிட்டா ரொம்பக் குளிர்ச்சியான பொண்ணு."

அண்ணன் பக்கென்று சிரித்துவிட்டார். ஊரில் இளைஞர்கள் சொல்லும் 'கூல்' என்பதை இவள் தமிழாக்குகிறாள் என்று நினைத்து, "சும்மா இரு" என்று நான் அவள் முழங்காலைத் தட்டினேன்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னா என்னம்மா? சொல்லு."

மாயா முகம் சிவந்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். "அவ கால்... ஐஸ். ரெண்டு போர்வை, என் சாக்ஸ், அப்பவும் ஐஸ். வெயில்ல எனக்கு டீ-ஷர்ட். அவளுக்கு ஸ்வெட்டர். எப்பவும் தூங்குறா. எல்லாரும் சோம்பேறி சொல்றாங்க. சோம்பேறி இல்ல. அவ முழிக்க டிரை பண்றா. முடியல." பிறகு குரலைத் தாழ்த்தி, "டாய்லெட்டும் நாலு நாள்..."

"ஏ! அதச் சொல்லாத!" என்று பெனிட்டா அவளைக் கிள்ளினாள்.

டாக்டர் நாற்காலியை முதல் முறையாகப் பெனிட்டா பக்கம் திருப்பினார். அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். கழுத்தைத் தடவிப் பார்த்தார், தோலைப் பார்த்தார், முழங்காலில் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இரவு மதுரையிலேயே தங்கினோம். மறுநாள் முடிவு வந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அநேகமாக வேலையே செய்யவில்லை. குளிரும் தூக்கமும் வளர்ச்சி நின்றதும் எல்லாம் அதனால்தான். வளர்ச்சி ஹார்மோனிலோ அதன் ஏற்பியிலோ கோளாறு இருப்பதாக நினைக்க இப்போது காரணம் எதுவும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தினமும்.

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "வெறும் தைராய்டா? எங்க லயத்துலயே மூணு பொம்பளைங்க அந்த மாத்திரையத் திங்காங்களே!"

"அவங்க வளர்ந்து முடிச்சவங்க. இது வளர வேண்டிய பிள்ளை" என்றார் டாக்டர். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "எலும்பைப் பார்த்தா இன்னும் ஒன்பது வயசு மாதிரிதான் இருக்கு. ஒரு வகையில நல்லது. வளர இன்னும் இடம் இருக்கு. முழுசா எட்டிப் பிடிப்பாளான்னு கேட்டா, நான் வாக்குக் குடுக்க மாட்டேன். மாத்திரையை விடாம இருந்தா, நல்லா இருப்பா. அதுக்கு வாக்குக் குடுக்கிறேன்."

"வேற கேள்வி உண்டா?" என்று அவர் கேட்டது அண்ணனை. பதில் வந்தது பெனிட்டாவிடமிருந்து.

"டாக்டர், அப்ப நா சோம்பேறி இல்லையா?"

"இல்லம்மா. ஒருநாளும் இல்ல."

பெனிட்டா தலையை ஆட்டினாள். பிறகு இன்னொரு முறை ஆட்டினாள். ஸ்வெட்டர் கையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன், ஜீப் நிற்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ஜீப் அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே, எங்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

7

ஊருக்குத் திரும்பினேன் என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். ஜெர்மனிக்குத் திரும்பினேன்.

வேலைக்குப் போன முதல் நாளே ஹெல்கா வந்துவிட்டாள். அண்ணனுக்குக் கம்பெனி சார்பில் அவள்தான் பதில் எழுதியிருந்தாள்: எங்கள் பொருள் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு மட்டுமே, தனிநபருக்கு விற்க இயலாது, வருந்துகிறோம். சட்டப் பிரிவு சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள். கீழே, யாருக்கும் தெரியாமல், குழந்தையை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்று தானாக ஒரு வரி சேர்த்திருந்தாளாம். அண்ணன் அதற்கு நன்றி சொல்லி, அவளுடைய மூட்டுவலிக்கு இஞ்சி எண்ணெய் பரிந்துரைத்துப் பதில் போட்டிருக்கிறார். மூட்டுவலி இருப்பதை இவள் எப்போது அவரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மன்காரர்கள் அலுவலகத்தில் வழக்கமாக நிற்பதைவிட ஒரு சாண் பக்கத்தில் நின்றாள்.

நான் ஸ்டூலில் ஏறி என் குப்பிகளை எடுத்தேன். வேலை அதேதான். எந்தப் பிள்ளையையும் நேரடியாக வளர்க்காத வேலை. இங்கே ஒருவர் அதை வாங்கி, இன்னொருவர் அதை வைத்துச் சோதித்து, எப்போதோ எங்கோ ஒரு மருந்து வரலாம். வராமலும் போகலாம். அண்ணனுக்கு இதை விளக்க இன்னும் வழி தெரியவில்லை.

மழைக்காலம் முடியும் நேரத்தில் அவரே கூப்பிட்டார். பழைய சத்தம்.

"நீ கூட்டிட்டுப் போன டாக்டரு புள்ளையக் கெடுத்துட்டா, ஸ்டெல்லா!"

"என்னண்ணே ஆச்சு?"

"முன்னாடி ஒரு சொல்லுக்கு மறுசொல் கெடையாது. சொன்னா போயிப் படுத்துக்கிடுவா. இப்ப எதச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேக்கா. காலைல எனக்கு முன்னாடி எந்திச்சு ரேடியோவப் போடுதா. நேத்து யார்ட்டயும் சொல்லாம பூப்பாறைக்குத் தனியா பஸ் ஏறிப் போயி முடிய வெட்டிட்டு வந்து நிக்கா. கிராப்பு! ஒன் மதினி ரெண்டு நேரம் சாப்பிடல."

"வளந்திருக்காளா?"

"அதெல்லாம் கொஞ்சம் வளந்திருக்கா" என்றார் எரிச்சலோடு. "அதுவா இப்ப பிரச்சன?"

போன் கைமாறியது. "அத்தை" என்றது ஒரு குரல். அந்தக் கரகரப்பைக் காணோம். நான் வரிசையாகக் கேட்டேன். மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறாயா, மறுபடி இரத்தம் எப்போது பார்க்க வேண்டும், குளிர் குறைந்ததா, எவ்வளவு உயரம்.

"அதெல்லாம் டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க அத்தை" என்றாள். "மாயா இருக்காளா?"

போனை எடுத்துக்கொண்டு மாயாவின் அறைக்குப் போனேன். வாங்கிக் காதில் வைத்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் என்னதான் பேசுகிறார்கள் என்று ஒரு ஆசை. மாயா போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மா, கதவச் சாத்திட்டுப் போ. நாங்க பேசுதோம்லா."

இத்தனை வருடத்தில் நான் கேட்காமல், கெஞ்சாமல், அவளாக என்னிடம் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம். அச்சு அசல் சின்னக்கானல். ஒரு பிழை இல்லை. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.